புதன்கிழமை நட்சத்திரம்

ஈப்போவிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு ஒரு மனிதன் என்ன வேலையாகப் போவான் என்று என் அலுவலகத்தில் கேட்டார்கள். குலதெய்வமா, கல்யாணமா, நிலத் தகராறா? ஒரு நட்சத்திரத்துக்காகப் போகிறேன் என்றேன். எங்கள் கிளார்க் ஜன்னல் வழியாக ஈப்போ வானத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, விடுப்புத் தாளில் ‘சொந்த வேலை’ என்று எழுதிக்கொண்டார்.

எனக்கு ஈயச் சுரங்கப் பரிசோதனைக்கூடத்தில் வேலை. தாதுவை மின்பொறியில் எரிப்போம். அந்த வெளிச்சத்தை முப்பட்டகம் வழியாக விரித்துக் கண்ணாடித் தட்டில் படம் பிடித்தால், நிறப்பட்டையின் குறுக்கே மெல்லிய கோடுகள் விழும். இரும்புக்கு ஒரு இடம், ஈயத்துக்கு ஒரு இடம், செம்புக்கு ஒரு இடம். ஒருவர் இடத்தில் இன்னொருவர் உட்கார மாட்டார். கோடு விழுந்த இடத்தை அளந்து, எதில் என்ன இருக்கிறது என்று சொல்வதுதான் இத்தனை வருஷமாக என் பிழைப்பு. நட்சத்திரத்தின் வெளிச்சத்தையும் இப்படியே விரித்துப் பார்க்கலாம் என்று தெரிந்த பிறகு அதுவே பொழுதுபோக்கும் ஆயிற்று.

சபாபதி கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர். வானம் பார்க்கும் பைத்தியங்களுக்கென்று வரும் ஒரு சிறு பத்திரிகையின் கடிதப் பகுதியில் பழக்கமானவர். தன் கையாலேயே கண்ணாடி தேய்த்துத் தொலைநோக்கி செய்து, அதன் பின்னால் முப்பட்டகம் வைத்த பெட்டி ஒன்றையும் மாட்டியிருந்தார். வடக்கு வானத்தில் ஆங்கில ‘எம்’ எழுத்தைப் போல ஐந்து நட்சத்திரங்கள் தெரியும். அதில் நடு நட்சத்திரத்தை ஐந்து வருஷமாக, வானம் திறந்த நாளெல்லாம் படம் பிடித்துக்கொண்டிருந்தார். ஹைட்ரஜனுக்கு உரிய ஒரு கோடு பளிச்சென்று விழுகிறது, அதுவும் இருக்க வேண்டிய இடத்தைவிட மயிரிழை தள்ளி விழுகிறது என்று எழுதினார். அதற்கு நட்சத்திரம் வாயுவை வீசி எறிகிறது என்று அர்த்தம். ஆறு நாள் கோடு இருக்கும், ஏழாம் நாள் இருக்காது, மறுபடி ஆறு நாள் இருக்கும். உலகத்தில் யாரும் கவனிக்காத ஒன்றைத் தான் கவனித்துவிட்டதாக அவர் நம்பினார். நானும் நம்பினேன்.

மார்கழியில் திருவள்ளூரில் ஆசிரியர்களின் அறிவியல் கூட்டம். ஒரு வானாய்வுக்கூடத்திலிருந்து பெரிய விஞ்ஞானி வருகிறார். அவர் முன்னால் சபாபதி கட்டுரை வாசிக்கிறார். அவர் தலையசைத்தால் கட்டுரை வெளிநாட்டுப் பத்திரிகைக்குப் போகும். ‘நீங்கள் முன்வரிசையில் உட்கார வேண்டும். உங்கள் கடிதம்தான் எனக்குத் தைரியம் கொடுத்தது’ என்று எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். சொல்ல எனக்கு விருப்பமில்லை, ஆனாலும் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், கப்பல் ஆட்டம் உடம்பை விட்டு இறங்குவதற்குள், சென்னையில் கரி எஞ்சின் பாசஞ்சரில் ஏறினேன். எங்கள் ஊர் ரயிலில் இடமில்லை என்றால் நிற்பார்கள். இங்கே இடமில்லை என்றால் உட்காருகிறார்கள், யார் மேல் என்பதுதான் கணக்கு. மீன் விற்றுவிட்டுப் பழவேற்காட்டுக்குத் திரும்பும் பெண்கள் காலிக் கூடைகளோடு ஏறினார்கள். ஒரு அம்மாள் என் பெட்டியைக் காலால் தள்ளினாள்.

“நைனா, பொட்டிய கொஞ்சம் நவுத்திக்கோ. எந்த ஊரு?”

“மலேயா.”

“மலேயாவா? எங்க நாத்தனா ஊட்டுக்காரரு அங்கதான் போனாரு. இருவது வருசமா ஒரு கடுதாசி இல்ல. கறுப்பா, ஒசரமா இருப்பாரு. பாத்துக்கிறியா?”

பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பார்த்ததில்லை என்றேன். அவள் என்னை நம்பாத மாதிரி வெகுநேரம் பார்த்தாள். எதிர்ச் சீட்டில் இரண்டு வியாபாரிகள் தெலுங்கில் பேசிக்கொண்டார்கள். ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்த பழக்கத்தில் எனக்குத் தெலுங்கு புரியும். ஒருவர் சொன்னதன் தமிழ் இது: “அந்தப் பெட்டியை மடியை விட்டு இறக்கவே மாட்டேன் என்கிறான். உள்ளே தங்கம்தான்.” இன்னொருவர் சொன்னார்: “முகத்தைப் பார்த்தால் தங்கம் வைத்திருக்கிறவன் மாதிரி இல்லையே.” உள்ளே இருந்தது ஒரு உருப்பெருக்கியும் இரண்டு வேட்டியும்.

பொன்னேரி தாண்டி வண்டி நின்றது. காரணம் யாருக்கும் தெரியவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. ஒன்றரை மணி நேரம் கழித்து அதுவாகவே கிளம்பியது. கும்மிடிப்பூண்டியில் சபாபதி நின்றிருந்தார். ஒல்லியான மனிதர், சட்டைப் பையில் மூன்று பேனா. படத்தில் கூடப் பார்த்திராத இருவர் எப்படி ஒருவரையொருவர் அடையாளம் கண்டோம் என்று தெரியவில்லை. கையைப் பிடித்தவர் வீடு வரும்வரை விடவே இல்லை.

அவர் மனைவி கமலா வாசலிலேயே, “வாங்கண்ணா, மூஞ்சி கழுவிக்கினு வாங்க” என்று சொம்பை நீட்டினார். பசியாறிவிட்டு வந்தேன் என்று நான் எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்ல, அவர் முழித்தார். நாஷ்டா முடிந்தது என்று சொல்கிறார் என்று சபாபதி விளக்கினார். ஏரி இறாலும் முருங்கைக்காயும் போட்ட குழம்பு. எங்கள் ஊரில் தேங்காய்ப்பாலை ஊற்றி இறாலை மூச்சு முட்ட வைப்போம். இங்கே புளியில் அது இறாலாகவே இருந்தது. மூன்று முறை சோறு வாங்கினேன். அந்தப் பயணத்தில் நான் ருசித்துச் சாப்பிட்ட ஒரே சாப்பாடு அதுதான்.

இருட்டியதும் மாடிக்குப் போனோம். தென்னங்கீற்றுத் தடுப்புக்குள் தொலைநோக்கி இருந்தது. வடக்கே பனைமரங்கள், அவற்றுக்குப் பின்னால் புதிய தொழிற்பேட்டை. பனங்கூட்டத்துக்கு மேலே வானம் நீலம் பாரித்திருந்தது. “கம்பெனி லைட்டு சார். கடுதாசி போட்டேன், மேல தகரம் மாட்டிட்டாங்க. இப்ப பரவால்ல” என்றார். நட்சத்திரம் அந்த நீலத்துக்கு மேலே சாந்தமாக நின்றது. அதைக் காட்டியபோது அவர் குரல் இறங்கிவிட்டது. பெண்ணைப் பெற்றவர் மாப்பிள்ளை வீட்டாரிடம் பேசுகிற குரல் அது.

மறுநாள் சனிக்கிழமை. அரைப் பரீட்சை விடுமுறை. மேஜையில் மரப்பெட்டிகளை அடுக்கினார். ஐந்து வருஷத்துத் தட்டுகள், ஒவ்வொன்றும் பழைய தாளில் சுற்றி, மூலையில் எண் போட்டு. நான் ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து உருப்பெருக்கியை வைத்தேன்.

எங்கள் பரிசோதனைக்கூடத்தில் தினமும் காலையில் முதல் வேலை, கருவி சரியாக இருக்கிறதா என்று பாதரச விளக்கைப் போட்டுப் பார்ப்பது. பாதரசத்துக்கு நீலத்தில் தடித்த கோடு ஒன்று, அதைத் தாண்டி ஊதாவில் இன்னொன்று. அந்த இரண்டையும் அவற்றுக்கு நடுவில் இருக்கும் தூரத்தையும் என் மனைவி முகத்தைவிட அதிக நாள் பார்த்திருக்கிறேன். சபாபதியின் தட்டில் அவை இருந்தன. நீலத்தில் இருந்ததற்கு அவர் ‘ஹைட்ரஜன், தள்ளியது’ என்று எழுதியிருந்தார். ஊதாவில் இருந்ததற்கு ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார்.

ஹைட்ரஜன் கோட்டுக்கு வெகு பக்கத்தில்தான் பாதரசக் கோடும் விழும். எங்களிடம் ஒவ்வொரு தட்டிலும் ஓரத்தில் இரும்பின் கோடுகளை ஏணி மாதிரிப் பதித்து வைப்போம், அளவு தவறாது. அவரிடம் அந்த வசதி இல்லை. வேறொரு நாள் எடுத்த வேறொரு நட்சத்திரத்தை வைத்து அளந்திருந்தார். தொழிற்பேட்டையின் விளக்குகள் பாதரச விளக்குகள். தகரம் மாட்டினாலும் மார்கழிப் பனியில் வானமே அந்த வெளிச்சத்தில் ஊறியிருந்தது. நட்சத்திரத்தோடு சேர்ந்து அதுவும் அவர் பெட்டிக்குள் போயிருக்கிறது. அவர் ஐந்து வருஷமாக அளந்தது கம்பெனி விளக்கை.

இப்போது அந்தக் கடிதம். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு தட்டின் அச்சை அனுப்பி, இது ஹைட்ரஜன்தானா என்று கேட்டிருந்தார். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் உறையைப் பிரித்தேன். தேநீர் ஆறுவதற்குள் பார்த்து முடித்தேன். ‘சந்தேகமே வேண்டாம், ஹைட்ரஜன்தான். காலச்சுழற்சி ஏதாவது தெரிகிறதா என்று பாருங்கள்’ என்று பெரிய மனுஷத்தனமாக எழுதித் தபாலில் போட்டேன். அளவுகோல் என் இடதுகைப் பக்கம்தான் இருந்தது.

“இன்னா சார், ஒண்ணுமே சொல்லல?” என்றார் சபாபதி.

“தட்டு சுத்தமா இருக்கு” என்றேன். அவர் சந்தோஷப்பட்டு இன்னும் இரண்டு பெட்டியைத் திறந்தார். அன்று மாலை வரைக்கும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அந்த இரண்டு கோடுகள். மத்தியானம் மடவை மீன் வறுத்திருந்தார்கள். மண்ணைத் தின்கிற மாதிரி இருந்தது.

ராத்திரி படுத்துக்கொண்டு ஒரே ஒரு நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். விளக்கு தினமும் எரிகிறது. ஆனால் இந்தக் கோடு ஏழு நாளைக்கு ஒருமுறை மறைகிறதே. விளக்காக இருந்தால் எப்படி மறையும்? நான்தான் தப்பு, அவர்தான் சரி என்று எனக்குள் பத்து முறை சொல்லிப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அந்த நம்பிக்கையும் போனது. பக்கத்து வீட்டு ஏசுபாதம் காலையில் மாதா கோயில் வாசலிலேயே ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்து, காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு சைக்கிளில் கிளம்பினார். முன்பு கூலிக்கு நாற்று நட்ட வயல் தொழிற்பேட்டைக்குப் போன பிறகு, அதே இடத்தில் கட்டிய உருக்காலையில் உலைக்கு முன்னால் நிற்கிறார். ஞாயிற்றுக்கிழமையும் வேலையா என்று கேட்டேன், சும்மா பேச்சுக்கு.

“நமக்கு ஞாயித்துக்கெழம லீவு கெடையாது சார். புதங்கெழமதான். கரண்டு பத்தலன்னு ஒவ்வொரு பேட்டைக்கு ஒவ்வொரு நாளு வுட்டுக்கிறாங்க. சாமியாரு கூடப் பேஜாரு பண்றாரு, பூசைக்கு வர்றதில்லன்னு. இன்னா பண்றது?”

“அன்னிக்கு விளக்கெல்லாம்?”

“ஒண்ணும் போட மாட்டாங்க. வாட்ச்மேன் லாந்தர வெச்சிக்கினு சுத்திக்கினு இருப்பான்.”

மணி அடித்துக்கொண்டு போய்விட்டார்.

வானியல்காரர்கள் நோட்டில் தேதி, கிழமை எழுதுவதில்லை. ஏதோ ஒரு பழங்காலத்து நாளிலிருந்து தொடர்ந்து எண்ணிக்கொண்டு வரும் ஏழு இலக்க எண் ஒன்று உண்டு, அதைத்தான் எழுதுவார்கள். சபாபதியும் முறை தவறாமல் அதையே எழுதியிருந்தார். அதனால்தான் ஐந்து வருஷமாகக் கிழமை அவர் கண்ணில் படவே இல்லை. அவர் மத்தியானம் கண்ணயர்ந்தபோது அவர் நோட்டை எடுத்து, ‘கோடு இல்லை’ என்று குறித்திருந்த எண்களையெல்லாம் ஏழால் வகுத்தேன். மீதி இரண்டு. அடுத்ததும் இரண்டு. பக்கம் முழுவதும் இரண்டு. அந்த மீதி வந்தால் அது புதன்கிழமை.

கமலா காபி கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். “அண்ணா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கறேன். இது நெசமா பெரிய விசயந்தானா? திருவள்ளூர்ல ஹெட்மாஸ்டர் வேல ரெண்டு தபா வந்துச்சி. இந்த மாடிய வுட்டுட்டு வர மாட்டேன்னுட்டாரு. எல்லாரும் சிரிக்கிறாங்க. மலேயாவுல இருந்து கடுதாசி வந்த அன்னிக்கு மட்டுந்தான் அவரு ஒழுங்கா சாப்ட்டாரு.”

“பெரிய விஷயம்தாம்மா” என்றேன். வாயிலிருந்து வந்துவிட்டது. ஈப்போவில் இருந்தபோது எழுத்தில் செய்ததை இப்போது நேரில் செய்தேன்.

திங்கட்கிழமை முழுவதும் அவர் கட்டுரையைச் சத்தமாகப் படித்துப் பழகினார். நான் கடிகாரம் பிடித்தேன். இருபது நிமிஷத்துக்குள் முடிய வேண்டும், இருபத்து மூன்று ஆனது. எதை வெட்டலாம் என்று என்னைக் கேட்டார். எல்லாவற்றையும் என்று சொல்லியிருக்க வேண்டும். “முன்னுரையைக் குறையுங்கள்” என்றேன்.

செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் பஸ் ஏறினோம். சபாபதி புது வேட்டி கட்டி, மடியில் தட்டுப் பெட்டியை வைத்திருந்தார். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இரண்டு ஆடுகள். எங்கள் ஊர் பஸ்ஸில் துரியன் பழம் ஏற்றினாலே கண்டக்டர் சண்டைக்கு வருவார், இங்கே ஆட்டுக்கும் டிக்கெட் கிழித்தார்கள். ஊத்துக்கோட்டையில் பஸ் நின்றுவிட்டது. மேலே அணையைத் திறந்துவிட்டதால் ஆரணி ஆற்றில் தரைப்பாலத்துக்கு மேல் தண்ணீர் போகிறது, முழங்கால் அளவுக்கு இறங்கினால்தான் வண்டியை விடுவேன் என்றார் டிரைவர். எல்லோரும் இறங்கி டீக்கடைக்குப் போனார்கள்.

டீயும் பொறையும் வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தோம். பொறையை டீயில் முக்கினால் பாதி உள்ளேயே விழுந்துவிடுகிறது. சபாபதி கட்டுரையை எடுத்து மறுபடி பார்க்க ஆரம்பித்தார். இதற்கு மேல் தள்ளிப்போட்டால் மேடையில்தான் சொல்ல வேண்டிவரும் என்று தோன்றியது.

“சபாபதி, கோடு இல்லாத நாள் எண்களை ஏழால் வகுத்துப் பாருங்கள்” என்றேன்.

“எதுக்கு சார்?”

“பாருங்கள்.”

வாத்தியார் இல்லையா, மனக்கணக்கிலேயே போட்டார். “ரெண்டு. இதுவும் ரெண்டு. ஆமா, ஏழு நாள் சுழற்சின்னா மீதி ஒரே மாரிதானே வரும்” என்று சிரித்தார். பிறகு, “இன்னிக்கு எண்ணுக்கு மீதி ஒண்ணு. அப்போ ரெண்டு இன்னா கெழம? நாளைக்கு, புதன்” என்றார். கட்டுரையை மடித்துப் பெட்டி மேல் வைத்தார். “நாளைக்கு ஏசுபாதத்துக்கு லீவு.”

அதற்கு மேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் அவர் விடவில்லை. பெட்டியின் பிளவு தலைமயிர் அகலம்தானே, அதற்குள் நட்சத்திரம் மட்டும்தானே விழும் என்று கேட்டார். அரை மணி நேரம் திறந்து வைக்கிறீர்கள், வானத்தின் வெளிச்சமும் அதே பிளவு வழியாகத்தான் போகிறது என்றேன். பாதரசமா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அந்தக் கேள்விக்குறி போட்ட கோடு என்றார். அதுவும் பாதரசம்தான் என்றேன். கம்பெனி எந்த வருஷம் வந்தது என்று நான் கேட்கவில்லை. அவரே, “அவங்க லைட்டு போட்ட வருசந்தான் நட்சத்திரம் மாறுச்சி” என்று மெதுவாகச் சொன்னார்.

பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். “நீங்க எழுதினீங்களே சார்.”

“சரியாகப் பார்க்காமல் எழுதிவிட்டேன்.”

“உங்களுக்கு இதானே வேல.”

அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். புதன்கிழமைத் தட்டுகள் சுத்தமானவை, அவற்றில் இருப்பது நிஜமான நட்சத்திரம், அதை வைத்து ஏதாவது செய்யலாம் என்று அவசரமாகச் சொன்னேன். அவற்றை எந்தப் பெட்டியில் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

“கோடு இல்லாத பிளேட்டா? அத்தெல்லாம் சுடுதண்ணியில போட்டுக் கழுவிட்டேன் சார். ஸ்கூல்ல மைக்ராஸ்கோப்புக்குக் கண்ணாடி இல்ல. துண்டு துண்டா வெட்டி, வெங்காயத் தோல வெச்சிப் பசங்களுக்குக் காட்டிக்கினு இருக்கேன்.”

கண்டக்டர் விசில் அடித்தார். தண்ணீர் இறங்கியிருந்தது. பஸ் ஆற்றுக்குள் இறங்கி ஏறும் வரைக்கும் சபாபதி பெட்டியை நெஞ்சோடு பிடித்திருந்தார், ஒரு தட்டும் உடையக் கூடாது என்று. பழக்க தோஷம்.

திருவள்ளூர்க் கூட்டத்துக்கு விஞ்ஞானி வரவில்லை. தந்தி வந்திருந்தது, உடம்பு சரியில்லையாம். அவருக்கு வாங்கிய மாலையை மேஜை மேல் வைத்திருந்தார்கள். சபாபதி பெயரைக் கூப்பிட்டார்கள். மேடையேறி, “என் அளவுகள்ல தப்பு இருக்குது. கட்டுரைய நான் திருப்பி வாங்கிக்கறேன்” என்று சொல்லிவிட்டு இறங்கினார். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. இருபது நிமிஷம் மிச்சமானதில் தலைவருக்குச் சந்தோஷம்தான். அடுத்தவர் வந்து மண்புழு உரத்தைப் பற்றிப் பேசினார். எனக்குப் பின்னால் இரண்டு ஆசிரியர்கள் பேசிக்கொண்டார்கள்.

“அஞ்சு வருசமா நட்சத்திரம் நட்சத்திரம்னு சொல்லிக்கினு இருந்தாரே, அவர்தானே?”

“அவர்தான். ஹெட்மாஸ்டர் போஸ்ட்ட வேற வேணான்னவரு.”

“சாப்பாடு எத்தினி மணிக்கு?”

எலுமிச்சைச் சாதப் பொட்டலம் கொடுத்தார்கள். நான் வாங்கி, பிரிக்காமல் வைத்திருந்தேன். சபாபதி தன்னுடையதைப் பிரித்து, கடைசிப் பருக்கை வரைக்கும் சாப்பிட்டார். கமலா கதவைத் திறந்து எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு வெந்நீர் போட உள்ளே போனார்.

புதன்கிழமை இருட்டியதும் அவராகவே மாடிக்குக் கூப்பிட்டார். பனங்கூட்டத்துக்கு மேலே நீலம் இல்லை. வானம் கீழே வரைக்கும் கறுப்பாக இருந்தது. அரை மணி நேரம் நட்சத்திரத்தைப் பிடித்து நின்றார். கீழே சமையலறையில் சிவப்புத் துணி சுற்றிய விளக்கு வெளிச்சத்தில் தட்டைக் கழுவி எடுத்தோம். நீலத்தில் அந்தத் தடித்த கோடு இல்லை. ஊதாவிலும் இல்லை. எங்கள் கண்ணுக்குத் தெரிந்தது வெறும் பட்டையும், அதில் ஹைட்ரஜன் வெளிச்சத்தை விழுங்கிய மங்கலான இடைவெளிகளும்தான். ஈரத் தட்டை விரல் நுனியில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

“ஒரு தபாகூட நான் இத சரியா பாத்ததில்ல சார். கோடு இல்லன்னதும் கழுவப் போட்டுடுவேன்” என்றார். காய்ந்த பிறகு அதைத் தாளில் சுற்றி என்னிடம் கொடுத்தார். “நீங்களே எடுத்துக்கினு போங்க. இங்க இருந்தா இதையும் கழுவிடுவேன்.”

வியாழக்கிழமை ஏசுபாதம் ஷிப்டுக்குப் போகும் வழியில் என் பெட்டியை சைக்கிளில் வைத்து ஸ்டேஷனுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார். சபாபதி கூடவே நடந்தார். “பொங்கலுக்கு அப்பறம் புதங்கெழம லீவு கட்டு சார். கம்பெனியே ஜெனரேட்டர் போடுது. ஏழு நாளும் உலை எரியும், கூட டப்பு கெடைக்கும்” என்றார் ஏசுபாதம், முகமெல்லாம் சிரிப்பாக. “நல்லதுதானே. ஊட்டுக்கு ஓடு மாத்திக்கோ” என்றார் சபாபதி. வண்டி சரியான நேரத்துக்கு வந்தது. அன்றைக்குப் பார்த்து.

ஈப்போவில் முதல் ஞாயிற்றுக்கிழமை, பரிசோதனைக்கூடத்தில் யாரும் இல்லாத நேரம், அந்தத் தட்டை எங்கள் அளவுமானியில் வைத்தேன். இந்த முறை காலையிலிருந்து மாலை வரைக்கும் பார்த்தேன். ஹைட்ரஜனின் மங்கலான இடைவெளி ஒவ்வொன்றுக்கும் நடுவில், உருப்பெருக்கிக்குத் தெரியாத ஒரு மெல்லிய பிரகாசமான கோடு இருந்தது. மயிரிழை கூடத் தள்ளவில்லை, இருக்க வேண்டிய இடத்திலேயே இருந்தது. மூன்று முறை அளந்தேன். நட்சத்திரம் உண்மையாகவே வாயுவை வெளியே விட்டு வளையமாகச் சுற்ற வைத்திருந்தது. அப்படிப்பட்ட நட்சத்திரம் அது என்பது புத்தகத்தில் உள்ளதுதான். ஆனால் அந்தக் கோடு வருஷத்துக்கு வருஷம் எப்படிக் கூடுகிறது, குறைகிறது என்று தொடர்ந்து படம் பிடித்து வைத்தவர்கள் அதிகம் இல்லை. சபாபதி பிடித்திருந்தார். ஐந்து வருஷத்துப் புதன்கிழமைகள் அத்தனையும் அவர் கையில் இருந்தன. பாதரசத்தின் வெளிச்சம் அந்த மெல்லிய கோட்டை மூடிவிடாத ஒரே தட்டுகளைத்தான் பார்த்துப் பார்த்துக் கழுவியிருக்கிறார்.

மாசியில் அவரிடமிருந்து கடிதம் வந்தது. திருவள்ளூரில் தலைமையாசிரியராகச் சேர்ந்துவிட்டாராம். வீடு ஸ்டேஷனுக்குப் பக்கத்திலாம், கமலாவுக்குப் பிடித்திருக்கிறதாம். தொலைநோக்கியைப் பழைய பள்ளிக்கே கொடுத்துவிட்டாராம். என்மேல் வருத்தம் எதுவும் இல்லை என்று எழுதியிருந்தார். கடைசியில், கையெழுத்துக்குக் கீழே, ஒரு வரி: ‘அந்தப் புதன்கிழமைத் தட்டில் ஏதாவது தெரிந்ததா? சும்மாதான் கேட்கிறேன்.’

தெரிந்தது என்று எழுதினால், கழுவிய தட்டுகளை அவர் எண்ண ஆரம்பிப்பார். எட்டு நாள் அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். ஒன்பதாம் நாள் ஒரு தபாலட்டையை எடுத்து, ‘ஒன்றும் இல்லை’ என்று எழுதிப் போட்டேன்.